நடுங்காத கோடு

பன்னிரண்டு மணிக்குள் ஏழாம் எண் குறிப்பை உரித்துவிடு என்று சொல்லி, உரிப்பதற்கான கட்டரையும் கையில் கொடுத்துவிட்டு, துறைத்தலைவர் ரகுநந்தன் மாடியேறிப் போய்ப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. அமலோற்பவம் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். எதிரே வெள்ளைச் சுவர், சுவரில் சட்டமிட்ட கரிக்கோட்டுப் படம், படத்துக்கு வலப்பக்கம் நேற்று மாலை அவளே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டிய கறுப்பு ஸ்டிக்கர் எழுத்துகள். நான்கு வரி, கீழே ஒரு பெயர். ஒட்டும்போது ஒரு 'ஞ'வின் வால் மடங்கிக்கொண்டு படுத்தியது, நகத்தால் நீவி நீவி அதை நேராக்கவே அரை மணி நேரம் ஆனது. உரிக்க அரை நிமிடம் போதும். ஓரத்தில் முனையைக் கொடுத்து இழுத்தால் வெயிலில் உரிகிற தோல் மாதிரி மொத்தமாக வந்துவிடும், அப்புறம் சுவர் சுவராகிவிடும், நாலு மணிக்கு ஓவியர் பராங்குசத்தின் மகள் பெங்களூரிலிருந்து வந்து விளக்கேற்றுவார், எல்லோரும் கைதட்டுவார்கள், ரகுநந்தன் சார் அவள் தோளைத் தட்டி 'வெல் டன் அமலா' என்பார். அவ்வளவுதான் விஷயம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு குறிப்புதானே. பதினான்கில் ஒன்று. மீதிப் பதின்மூன்றும் சுவரில் இருக்கத்தானே போகின்றன. பதின்மூன்று பெரிய எண்தான். இப்படித்தான் அவரும் சொன்னார், பதின்மூன்றை விட்டுக்கொடுக்கிறேனே என்கிற குரலில், ஏதோ அவர் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

அன்னிக்கு எனக்குக் காச்சல். ஒடம்பெல்லாம் நடுங்குது. இவரு நடுக்கமே இல்லாம வரைஞ்சிருக்காரு. இது நான் இல்ல. அவ்வளவுதான் அந்த நான்கு வரி. கீழே, தவமணி. அமலோற்பவம் அதை எத்தனையாவது தடவையாகவோ படித்தாள். கண்காட்சி அமைப்பும் பண்பாட்டு விமர்சனமும் என்கிற இந்த முதுகலைப் படிப்பில் இரண்டு வருடத்தில் அவள் படித்த எதுவும் இவ்வளவு சுருக்கமாக இல்லை. கடைசிப் பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு கண்காட்சி அமைக்க வேண்டும், அதற்குத்தான் பாதி மதிப்பெண். மற்றவர்கள் நண்பர்களின் ஓவியங்களையும் வீடியோக்களையும் தேடிப் போனபோது இவள் கல்லூரியின் கிடங்கு அறைக்குள் போனாள். இரும்பு அலமாரியில் அடுக்கடுக்காக, மாடல் வைத்து வரைகிற வகுப்பில் நாற்பது, ஐம்பது வருடமாக மாணவர்களும் ஆசிரியர்களும் வரைந்து போட்ட படங்கள். பின்பக்கம் 'பெண், அமர்ந்த நிலை', 'பெண், படுத்த நிலை', 'பெண், முதுகு'. மூன்றாவது நாள்தான் அவளுக்கு உறைத்தது, இதில் இருபது வருடத்துப் படங்களில் இருப்பது ஒரே பெண். இடது தோள்பட்டை வலதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கையில் இரண்டாவது விரல் கட்டைவிரலைத் தொட்டபடியே இருக்கிறது. இருபது வருடம் வரைந்திருக்கிறார்கள், ஒருத்தர்கூட பின்பக்கத்தில் ஒரு பெயரை எழுதவில்லை. எழுத மறந்துவிட்டார்களா? இருபது வருடமாகவா மறப்பார்கள். மறதிக்குக்கூட அவ்வளவு ஒழுங்கு வராது.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'டக்' என்றது. புதிதாக அடித்த டிஸ்டெம்பர் வாசனை தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளங்கை வியர்த்து கட்டரின் பிளாஸ்டிக் வழுக்கியது, சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். பயமா என்று கேட்டுக்கொண்டாள். பயம்தான். கொச்சியில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் உதவியாளர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், பட்டமும் ரகுநந்தன் சாரின் கடிதமும் வேண்டும். காசிமேட்டில் போட் இன்ஜின் பழுது பார்க்கும் அப்பா, மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் 'மியூசியத்துக்குப் படிக்குது' என்று சொல்லிவைத்திருக்கிறார். மியூசியத்துக்குப் படிக்குது. கடலுக்குப் போகுது என்கிற மாதிரி. அவருக்கு அது புரிந்த அளவுக்கு அவளுக்கே முதல் வருடம் புரியவில்லை. முதல் வகுப்பில் ஆங்கிலத்தில் 'மேல் கேஸ்', 'மேல் கேஸ்' என்று ஒரு மேடம் நடத்திக்கொண்டே போக, ஆண்கள் மேல் போடுகிற கேஸ் போலிருக்கிறது, பெண்களுக்கு ஏதோ கோர்ட்டில் நியாயம் கிடைக்கிறது என்று நினைத்து உட்கார்ந்திருந்தாள். ஆணின் பார்வை என்று அர்த்தம் தெரிந்த அன்று கழிவறைக்குப் போய்த் தனியாகச் சிரித்தாள், அப்புறம் கொஞ்சம் அழுதாள். பார்வை என்று சொல்லியிருந்தால் முதல் நிமிடமே எழுந்து நின்று பேசியிருப்பாளே. பார்வையைப் பற்றி அவளுக்குத் தெரியாததா. ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவளுக்கு.

நேர்முகத் தேர்விலும் இதே ரகுநந்தன் சார்தான் கேட்டார், இதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று. ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போட்டேன் சார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள், அன்பான புன்னகைதான், அதுதான் இன்னும் குத்துகிறது. இரண்டு வருடம் ஃப்ளெக்ஸ் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. எந்த முகம் வந்தாலும் இரண்டு புள்ளி வெளுப்பாக்க வேண்டும், கேட்காமலே ஆக்க வேண்டும், அது கடை வழக்கம். ஒருநாள் லாரி ஓட்டுகிற ஒருத்தர் செத்துப்போன மனைவியின் படத்தைக் கொண்டுவந்தார். ரேஷன் கார்டிலிருந்து பெரிதாக்கிய படம், நெற்றியில் ஒரு தழும்பு. அமலோற்பவம் தழும்பைத் துடைத்தாள், கன்னத்தைச் சீராக்கினாள், நிறம் ஏற்றினாள், பின்னால் ஒரு சூரிய உதயம் வைத்தாள். மாலையில் வந்து பார்த்தவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. "இது யாரும்மா?" என்றார். உங்க வீட்டம்மாதான்ணா என்றாள். "அவளுக்கு இங்க ஒரு வெட்டு இருக்குமே. சின்ன வயசுல கெணத்துல வுழுந்தது. அதைப் போட்டுத் தர முடியுமா?" போட்டுத் தர முடியவில்லை. அசல் கோப்பின் மேலேயே சேமித்திருந்தாள், கொண்டுவந்த படத்தை அவர் ஏற்கெனவே திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், பழையபடி ஸ்கேன் பண்ணித் தருகிறேன் என்று பின்னாலேயே ஓடியதற்குள் பஸ் ஏறிவிட்டார். அந்தப் பெண் வேறொருத்தியாகத்தான் தெருமுனையில் ஒரு வாரம் தொங்கினாள். தழும்பைத் துடைத்த கை இது. இதே கை. இப்போது இதில் கட்டர்.

தவமணியைத் தேடிக் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆனது. ஓய்வுபெற்ற காவலாளி ஒருவர் சொல்லி, ஓட்டேரியில் ஒரு பல் மருத்துவர் கிளினிக்கில் போய்ப் பார்த்தாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள் தவமணி. அறுபத்தாறு வயது, இடது தோள் இறங்கியிருந்தது, டோக்கன் கொடுக்காத கையில் இரண்டாவது விரல் கட்டைவிரலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிடங்கறைப் படங்களிலிருந்து எழுந்துவந்து ஒருத்தி இருமுகிறாள், தலையைச் சொறிகிறாள். "டோக்கனா பாப்பா? மூணு பேர் கீறாங்க, உக்காரு." இல்லம்மா, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன், காலேஜிலிருந்து வர்றேன் என்றதும் தவமணி உள்ளே டாக்டர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எந்தக் காலேஜி? படம் வரையற காலேஜா? இன்னா, இப்ப இன்னாத்துக்கு?" அப்புறம் சிரித்தாள். "உக்கார்றதுதான் பாப்பா என் வேலை. அங்கயும் உக்காந்தேன், இங்கயும் உக்காந்துக்கினு கீறேன். இங்க துணி இருக்குது, அவ்ளோதான்." அமலோற்பவம் போனில் படங்களைக் காட்டினாள். தன்னைப் பற்றி ஏதாவது கதை சொல்வாள், கஷ்டம் சொல்வாள், அதைப் பதிவு பண்ணிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தாள், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, கேள்விகளைக்கூட எழுதிக்கொண்டு போயிருந்தாள். தவமணி கதை எதுவும் சொல்லவில்லை. இரண்டு விரலால் படத்தை விரித்து விரித்துப் பார்த்தாள். "இவன் முட்டி போட்டிருக்கான் பாரு, முட்டி எங்கனா அங்க வருமா. இது நல்லாருக்குது, இவன் பொறுமையா பாத்திருக்கான். இதுல என் வயித்தைக் கொறைச்சிட்டான், கொழந்த பொறந்து மூணு மாசம் எனக்கு, அந்த வயிறு எங்க போச்சி?" அமலோற்பவத்தின் எழுதி வைத்த கேள்விகள் பையிலேயே இருந்தன. இருபது வருடம் எல்லோரும் இவளைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். இவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பராங்குசத்தின் படம் வந்தபோதுதான் தவமணி போனைத் தள்ளிப் பிடித்தாள். 1979 ஆகஸ்ட், பதினோராம் தேதி. கல்லூரியின் பொக்கிஷம் அது. பராங்குசம் அப்போது இங்கே இளம் ஆசிரியர், பின்னால் அவ்வளவு பெரிய பெயர். ஒரே இழுப்பில் தோளிலிருந்து கணுக்கால் வரை இறங்குகிற கோடு, எங்கேயும் தயங்காது, எங்கேயும் தடிக்காது. ரகுநந்தன் சார் தன் புத்தகத்தில் அந்த ஒரு கோட்டுக்கு ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறார், 'நடுங்காத கோடு' என்றுதான் அத்தியாயத்தின் பெயரே. தவமணிக்கு அத்தியாயம் தெரியாது. "அன்னிக்கு எனக்குக் காச்சல்" என்றாள். மலேரியா என்று மறுநாள்தான் தெரிந்ததாம். படுத்துக்கொள்கிறேன் சார் என்று கேட்டாளாம், இன்னும் அரை மணி நேரம் என்றாராம். யாரோ ஒரு பையன் தன் போர்வையைக் கொண்டுவந்து காலில் சுற்றிவிட்டுப் போனானாம். அமலோற்பவம் அன்று சாயங்காலமே கிடங்கறைக்கு ஓடினாள். மலிவுத் தாள்களின் கட்டுக்குள், அடியிலிருந்து மூன்றாவது. அதே தேதி, அதே இருக்கை, ஓரத்தில் 'செ' என்று ஒற்றை எழுத்து, யாரென்றே தெரியாத மாணவன். கோடு ஒன்றுக்கு நாலாக அடித்து அடித்து, தேய்த்து, மூக்கு எது கன்னம் எது என்று தெரியாமல், வகுப்பில் நாற்பது மதிப்பெண்கூட வாங்கியிருக்காது. ஆனால் காலைச் சுற்றி ஒரு போர்வை இருந்தது. அந்தக் கிறுக்கல் கோடுகளுக்குள் ஒரு உடம்பு உதறிக்கொண்டிருந்தது. அதைப் போனில் காட்டியபோது தவமணி சொன்னதுதான் எட்டாம் எண் குறிப்பு. இவனுக்கு வரைய வரல. ஆனா பாத்திருக்கான். அவ்வளவுதான் அவள் செய்தது, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரே உயரத்தில்.

பேர் போடலாமா என்று கேட்டதும் நினைவிருக்கிறது. மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை தவமணிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "போடேன். போட்டா இன்னா ஆயிடும்? போடாம இருந்தப்ப மட்டும் இன்னா ஆச்சி?" உங்க பொண்ணு? "அவளுக்குத் தெரியும். தெரியாத மாரி இருக்கா. அது எங்களுக்குள்ள." கண்காட்சிக்கு வாங்கம்மா என்றதற்கு, சனிக்கிழமை கிளினிக்கில் கூட்டம், வர முடியாது என்று சொல்லிவிட்டாள். உண்மையில் கூட்டமா, வர விருப்பமில்லையா, இவள் துருவவில்லை. ஆனால் நின்ற இடத்தில் இப்போது அது முள்ளாக நெருடியது. நான் மட்டும் என்ன செய்கிறேன்? அவளை மறுபடியும் சுவரில் மாட்டிவிட்டு, அவளுடைய நாலு வார்த்தையை எடுத்து என் பட்டத்துக்குக் கீழே ஒட்டிக்கொள்கிறேனா? கொச்சி வேலைக்கான நேர்காணலில் இதைத்தானே சொல்லப் போகிறேன். ரகுநந்தன் சாரும் இதைத்தான் காலையில் மென்மையாகச் சொன்னார், நீ அந்த அம்மாவைப் பயன்படுத்துகிறாயோ என்று எனக்குத் தோன்றுகிறது அமலா என்று. எவ்வளவு சாமர்த்தியமான வாக்கியம். அது உள்ளே போய் வேலை செய்கிறது, பாதி உண்மை என்பதால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. பயன்படுத்துகிறேன்தான். சரி. ஆனால் அதற்குத் தீர்வு அவள் வாயை மூடுவதா? இருபது வருடம் அவள் உடம்பைப் பயன்படுத்தியது கலை, இரண்டு நாள் அவள் சொன்னதைக் கேட்டது சுரண்டல். இது எந்த ஊர் நியாயம்? யோசிக்க யோசிக்கக் காது மடல் சூடானது. அந்தச் சூடு பயத்தின் சூடு இல்லை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நேரம் தன்னைத் தானே குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தாளே, மாடியில் இருப்பவரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே. ஒரு தடவையாவது அவர் எட்டாம் எண் படத்தைப் பார்த்தாரா? காலையில் வந்தவர் ஏழாவதற்கு எதிரே நின்றார், படித்தார், முகம் மாறியது, திரும்பினார். பக்கத்துப் படத்துக்கு ஓரடிதான் தூரம். அந்த ஓரடியை அவர் வைக்கவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பன்னிரண்டாக இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.

"இன்னுமா எடுக்கல?" என்றார் ரகுநந்தன்.

"எடுக்கல சார்."

"எடுக்கலையா, எடுக்க மாட்டியா?"

தான் என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கு அந்த நொடி வரை தெரியாது. வாய்தான் முதலில் முடிவு செய்தது. "எடுக்க மாட்டேன் சார்."

அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி ஜிப்பாவின் ஓரத்தில் துடைத்தார். "அமலா, உன் கோபம் எனக்குப் புரியுது."

"கோபம் இல்ல சார், ஆதாரம். ரெண்டு படத்துலயும் ஒரே தேதி. பக்கத்துப் படத்துல காலைச் சுத்திப் போர்வை இருக்கு, பாருங்க. இதுல இல்ல. அவர் போர்வையை விட்டுட்டார், நடுக்கத்தையும் விட்டுட்டார்."

"அது ஒரு ஸ்டூடண்டோட கிறுக்கல்மா. ஒரு மாஸ்டர் எதை விடணும், எதை எடுக்கணும்னு அவர் தீர்மானிப்பார். அதுதான் கலை. நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு ஒரு மாடல் எனக்கு அன்னிக்குக் காய்ச்சல்னு சொல்றதை வச்சு அதை அளப்பியா?"

"நீங்களும் முப்பது வருஷம் கழிச்சுதான் சார் புத்தகம் எழுதினீங்க. நீங்க அந்த ரூம்ல இல்ல. அவங்க இருந்தாங்க."

மின்விசிறி இரண்டு மூன்று தடவை 'டக்' என்றது. அவர் முகம் சிவந்து அடங்கியது. "இதை வச்சுக்கிட்டு இந்தப் பேப்பர்ல உனக்கு நான் மார்க் போட முடியாது. கொச்சிக்கு லெட்டரும் தர முடியாது. தெரிஞ்சுதான் பேசறியா?"

"ஃபெயில் போடுங்க சார். ஆனா காரணத்தை எழுதிப் போடுங்க. இங்க, இந்த ரெண்டு படத்துக்கும் எதிர்ல நின்னு எழுதுங்க. நானும் அதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கறேன்."

அவர் கையை நீட்டினார். கட்டரைக் கொடுத்தாள். கொடுக்காமல் ஒளித்துக்கொண்டு ஓடுவதற்கு இது விளையாட்டு இல்லை. அவரே ஓரத்தில் முனையைக் கொடுத்தார். பழக்கமில்லாத கை, முதல் வரி பாதியில் அறுந்தது, காச்சல் என்கிற சொல் சுண்ணாம்போடு சேர்ந்து பெயர்ந்து அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினார், போகவில்லை. இன்னொரு விரலால் எடுக்கப் போக அதிலும் ஒட்டியது. அவள் உதவி செய்யவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள், ஒரு எழுத்தைக்கூட விடாமல். ஒரு மனிதர் நாற்பது வருடம் பாடம் நடத்திய கையால் ஒரு பெண்ணின் வாக்கியத்தைச் சுரண்டுவது எப்படி இருக்கும் என்று யாராவது பார்த்துவைக்க வேண்டும் என்று தோன்றியது. கடைசியில் பெயரும் போயிற்று. சுவரில் ஒரு வெளிறிய செவ்வகம் மிஞ்சியது.

அவர் மூச்சு வாங்கித் திரும்புவதற்குள் அமலோற்பவம் ஜன்னல் விளிம்பில் கிடந்த, கரியாக எழுதுகிற 6பி பென்சிலை எடுத்தாள். செவ்வகத்துக்குள் அடங்கவில்லை, அடக்க அவள் முயலவும் இல்லை. ஸ்டிக்கர் எழுத்தைவிட மூன்று மடங்கு பெரிதாக, நேராகச் சுவரிலேயே எழுத ஆரம்பித்தாள். அன்னிக்கு எனக்குக் காச்சல். பென்சில் சுண்ணாம்பில் கரகரத்தது, கறுப்புப் பொடி விரலில் உதிர்ந்தது. என்ன பண்ற, அமலா, என்ன பண்ற நீ என்கிற குரல் பின்னால் கேட்டது. எழுதறேன் சார் என்றாள் திரும்பாமலே. ஒடம்பெல்லாம் நடுங்குது. இதை உரிக்க முடியாது, சுவரையே சுரண்ட வேண்டும், சுரண்டினால் பெயின்ட் அடிக்க வேண்டும், பெயின்ட் காயச் சாயங்காலம் ஆகும். அதெல்லாம் அவர் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். கொச்சி போயிற்று. போகட்டும், போனதென்று தெரிந்த பிறகு அது இவ்வளவு லேசாக இருக்கும் என்று யார் சொன்னார்கள். அப்பாவிடம் என்ன சொல்வது என்று ஒரு நினைவு குறுக்கே வந்தது, அதை இருக்கச் சொல்லிவிட்டு மூன்றாம் வரியை எழுதினாள், நான்காம் வரியை எழுதினாள், குனிந்து பெயரை எழுதினாள்.

பிறகு இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். இரண்டு படங்களும் எழுத்தும் ஒன்றாகத் தெரியவில்லை, நடுவில் ரகுநந்தன் நின்றுகொண்டிருந்தார், விரல்களில் அறுந்த எழுத்துகளோடு, எட்டாம் எண் படத்துக்கு நேர் எதிரே.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றாள். "மறைக்கிறீங்க."